படத்தில் வராத ஒயர்

பழைய கார் மேனுவலின் கடைசியில் மடித்து வைத்திருக்கும் ஒயரிங் படத்தை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பதிவில் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கதையைப் படிக்கும்போது, எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று பார்ப்போம் இல்லையா? அதே கேள்வியை ஒரு ஒயரிங் படத்திடமும் கேட்கலாம். கேட்கவேண்டிய அவசியம் எனக்கு ஒரு தை மாதச் சாயங்காலம், திருத்தணி மலைப்பாதையில் வந்தது.

வண்டி அப்பாவுடையது. 1976-ஆம் வருஷத்து அம்பாசடர், மார்க் 3. கூட்டமில்லாத ஒரு வியாழக்கிழமை முருகனைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியது நான், பக்கத்தில் அப்பா. மணி ஏழு இருக்கும். ஹெட்லைட் டிப்பில் இருந்தது. ஒரு வளைவில் இடது பக்க விளக்கு திடீரென்று பழுத்த மஞ்சளாக மங்கியது. அதே நேரம், ஹை பீம் போட்டால் மட்டும் எரியவேண்டிய டாஷ்போர்டு குட்டி விளக்கு லேசாகக் கண் திறந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டேன். மங்கிய ஹெட்லைட்டும் அதன் தாளத்துக்கே துடித்தது. அப்பா, "மெதுவா போ, கீழே போய் நிறுத்திக்கலாம்" என்றார். அவர் குரலில் பயம் இல்லை. ஏதோ எதிர்பார்த்தது நடந்துவிட்ட மாதிரி இருந்தது.

காரணம் உண்டு. மூன்று வருஷமாகவே அவர் ராத்திரியில் வண்டி எடுப்பதில்லை. "கண்ணு முன்ன மாதிரி இல்லடா. ரோடு தெரிய மாட்டேங்குது" என்பார். மாதாமாதம் கிருத்திகைக்குச் சாயங்காலப் பூஜை பார்த்துவிட்டுத் திரும்புகிற பழக்கம் அப்படித்தான் நின்றுபோனது. கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியையும் மாற்றினார். போன மாதம் சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டி, வெளிச்சம் குறைவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். இரண்டு பல்பு, லைட் சுவிட்ச், காலால் மிதிக்கிற டிப்பர் சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்றி, நாலு இலக்கத்தில் பில் கொடுத்தார்கள். மாற்றிய பொருள் எல்லாம் புதுசு. வெளிச்சம் மட்டும் பழையபடியே இருந்தது.

மலையடிவாரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை திறந்திருந்தது. பலகையில் தமிழும் தெலுங்கும் பக்கத்துப் பக்கத்தில். 1960 ஏப்ரலில் இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்றாலும், நகரி, புத்தூர் பக்கத்து வண்டிகளுக்கு எல்லைக்கோடு ஒரு பொருட்டில்லை. அறுபது வயதுக்காரர். மீட்டர் கிடையாது, ஒரு ஹோல்டரில் பல்பு போட்டு இரண்டு ஒயர் இழுத்த டெஸ்ட் லேம்ப் மட்டும் இருந்தது. "இன்னா சார், லெப்ட் மட்டுமா?" என்றார். பல்பைக் கழற்றவில்லை. இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நீள ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஹெட்லைட் ஹோல்டரின் எர்த் முனையிலும் வைத்தார். விளக்கு பளிச்சென்று வெள்ளையானது. டாஷ்போர்டு விளக்கு அணைந்தது.

"பாத்தீங்களா சார்? கரண்ட் போறதுக்கு வழி இருக்குது. திரும்பி வர்றதுக்குத்தான் வழி இல்ல."

மட்கார்டுக்குள் கறுப்பு ஒயர் ஒரு ஸ்குரூவில் முடிந்திருந்தது. அதன் அடியில் பெயிண்ட், பெயிண்டுக்கு அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வாஷர் வைத்து, கிரீஸ் தடவி முறுக்கினார். 150 ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் மேனுவலை எடுத்து அந்தப் படத்தை விரித்தேன். அந்த ஸ்குரூவைத் தேடினேன். அது எங்கேயும் இல்லை.

*

முதலில் படத்தின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். லூகாஸ் பாணி ஒயரிங் படம் ஒரு நல்ல இலக்கணப் புத்தகம். நிறங்கள்தான் அதன் வேற்றுமை உருபுகள். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்ட், எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை என்றால் சாவி திருப்பினால் வருவது. பச்சை என்றால் அதே கரண்ட் ஃப்யூஸைத் தாண்டி வந்தது. நீலம் ஹெட்லைட் சுவிட்சிலிருந்து டிப்பருக்குப் போகிறது. டிப்பரிலிருந்து நீலத்தில் வெள்ளைக் கோடு என்றால் ஹை பீம், சிவப்புக் கோடு என்றால் லோ பீம். தனிச் சிவப்பு பார்க்கிங் லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும். கறுப்பு எர்த்.

இந்த ஏழெட்டு விதியைப் படித்தவருக்குப் பல கோளாறுகள் உட்கார்ந்த இடத்திலேயே விடை சொல்லும். பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் முள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் நாலு கோளாறு இல்லை, ஒரே கோளாறுதான்: பச்சை ஒயர்கள் கிளம்புகிற ஃப்யூஸ். இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாகப் போனால் பல்பைச் சந்தேகிக்கக் கூடாது, நீல ஒயரைப் பிடித்துக்கொண்டு சுவிட்சுக்கும் டிப்பருக்கும் போக வேண்டும். இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு சொல்கிற பக்கம் மேனுவலில் வேறு இல்லை.

ஆனால் இந்தப் படம் பாதி வட்டத்தைத்தான் வரைகிறது.

மின்சாரம் போனால் திரும்பி வந்தாக வேண்டும். பேட்டரியிலிருந்து கிளம்பி, சுவிட்ச், டிப்பர், பல்பு என்று போகிற பாதையைப் படம் அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறது. பல்புக்குப் பிறகு? ஒரு சின்னக் கோடு, அதன் முனையில் சிறுத்துக்கொண்டே போகும் மூன்று கோடுகள். எர்த் குறி. 'இங்கிருந்து எப்படியோ பேட்டரிக்குப் போய்விடும்' என்பதுதான் அதன் அர்த்தம். அந்த 'எப்படியோ' என்பது காரின் உடம்பு: மட்கார்டு, போல்ட், வெல்டிங், பானட்டுக்குக் கீழே இருக்கும் தகடு, கடைசியாகப் பேட்டரியை உடம்போடு சேர்க்கும் தடித்த ஒயர். வரைந்தவர் மேஜையில் இது முழு உலோகம், எங்கே தொட்டாலும் ஒன்றுதான். ஐம்பது மழைக்காலம் பார்த்து, இரண்டு தடவை பெயிண்ட் அடித்த வண்டியில் அந்த உடம்பு ஒரே கண்டம் இல்லை, தீவுக்கூட்டம்.

எங்கள் இடது மட்கார்டு அப்படி ஒரு தீவாகத்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு ஸ்குரூவை நம்பி ஹெட்லைட், பார்க்கிங் லைட், முன் இண்டிகேட்டர் மூன்றும் இருந்தன. ஸ்குரூ கைவிட்டதும் கரண்ட் சும்மா நிற்கவில்லை, வேறு வழி தேடியது. லோ பீம் இழைக்குள் வந்த கரண்ட், அதே பல்பின் ஹை பீம் இழைக்குள் புகுந்து, ஹை பீம் ஒயரில் பின்னோக்கிப் போய், வலது விளக்கின் ஹை பீம் இழை வழியாக அந்தப் பக்கத்து எர்த்தை அடைந்தது. போகிற வழியில் டாஷ்போர்டு விளக்கையும் கொஞ்சம் தொட்டது. இண்டிகேட்டர் துடிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு மாறியது, ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தது. பேய் பிடித்த மாதிரி தெரிந்தது எல்லாம் சுத்தமான கணக்கு. எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டை எட்டிப் பார்த்தது அதற்காகத்தான்.

இந்த மாதிரி 'சம்பந்தமில்லாத இரண்டு விளக்குகள் சேர்ந்து நடந்துகொண்டால்' முதல் சந்தேகம் எர்த். பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் அணைகிறதா? பின்பக்க எர்த். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கம்பி சுடுகிறதா? எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை உடம்போடு சேர்க்கும் பட்டை அறுந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரின் அத்தனை கரண்டும் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கலாம். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதில் எதுவுமே தோன்றாது. ஏனென்றால் படத்தில் சோக் கம்பி ஒரு மின்பாதையே இல்லை.

*

இங்கே ஒரு பழைய நக்கலையும் விசாரிக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் உலகம் முழுக்க லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டலடிப்பார்கள். லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை: அணைப்பு, மங்கல், மினுக்கல் என்று ஒரு ஜோக் உண்டு. பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் எண்ணெய் விளக்கு விற்று ஆரம்பித்த கம்பெனி, 'கிங் ஆஃப் தி ரோடு' என்ற சைக்கிள் விளக்கால் பேர் வாங்கியது. சாலையின் ராஜா இருட்டின் இளவரசன் ஆனது ஜோக்குக்கு வசதிதான். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசான அம்பாசடரும் அந்தப் பரம்பரை என்பதால் நம்மூரிலும் இதே பேச்சு.

எனக்கு இந்த ஜோக் பிடிப்பதில்லை. விசுவாசத்தால் இல்லை. சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் ரோட்டிலேயே, பாடியில், 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் வருகிறோம் என்பது உண்மைதான். என் ஆட்சேபம் வேறு. ஜோக், கோளாறுக்கு ஒரு பேர் வைத்து ஆராய்ச்சியை முடித்துவிடுகிறது. 'லூகாஸ்தானே, அப்படித்தான் இருக்கும்' என்றவுடன் யாரும் ஸ்குரூவைத் தேடப்போவதில்லை. அந்த ஸ்குரூவைத் துருவேற்றியது கம்பெனி இல்லை. அதன் மேல் பெயிண்ட் அடித்தவரும் தேய்க்காமல் விட்ட நாமும்தான். சென்னை ஒர்க்‌ஷாப் செய்ததும் இந்த ஜோக்கின் இன்னொரு வடிவம்தான்: பொருள்மேல் பழி, அதனால் பொருளை மாற்று.

உண்மையிலேயே வடிவமைப்பைக் குறை சொல்லவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் வண்டியில் இரண்டே ஃப்யூஸ். ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் கிடையாது. ஃப்யூஸ் போய் நடுரோட்டில் திடீர் இருட்டு வரக்கூடாது என்பது அதற்கான நியாயம். நியாயமும்தான். ஆனால் எங்காவது ஒயர் உரசி ஷார்ட் ஆனால், உருக வேண்டிய ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் கட்டே உருகும். ஐம்பது வருஷத்து இன்சுலேஷனை வைத்துக்கொண்டு அந்தப் பந்தயம் கட்டக் கூடாது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். மங்கிய இடது விளக்கை இல்லை, நன்றாக எரிந்துகொண்டிருந்ததாக நினைத்த வலது விளக்கை அளந்தேன். அளக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது முக்கியம். அணைத்துவிட்டு ஓம்ஸ் பார்த்தால் ஒற்றை நூலில் தொங்கும் ஒயர்கூட 'நல்லா இருக்கேன்' என்று சொல்லும். சுமை தலையில் ஏறும்போதுதான் உண்மை தெரியும்.

எஞ்சின் அணைந்த நிலையில் பேட்டரியில் 12.4 வோல்ட். பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் கரண்ட் முனைக்கும் நடுவே 1.1 வோல்ட் காணாமல் போயிருந்தது. பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 1.5. ஆக பல்புக்குக் கிடைத்தது 9.8 வோல்ட்.

கேட்க 20 சதவீத நஷ்டம்தானே என்று தோன்றும். இழை பல்பில் கணக்கு அப்படி இல்லை. வெளிச்சம் ஏறக்குறைய வோல்ட்டின் 3.4-ஆம் அடுக்குக்கு ஏறி இறங்கும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் குறைந்தால் பாதிக்கும் கீழே. 'நல்ல' விளக்கே பாதி வெளிச்சத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. இழந்ததில் பெரிய பங்கு, படம் வரையாத பாதியில்.

இந்த நிலையில்தான் எல்லோரும் சொல்கிற யோசனை வரும்: "ஹாலஜன் போட்டுருங்க சார், 100 வாட்." கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய 45 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து சுமார் ஏழரை ஆம்பியர். 100 வாட் இரண்டு என்றால் 16 ஆம்பியருக்கு மேல். அந்தக் காலத்து டைனமோ, எஞ்சின் நன்றாகச் சுற்றும்போதே மொத்தமாகத் தருவது 20 ஆம்பியர் சுமாருக்குத்தான். இக்னிஷன், டெயில் லைட், வைப்பர் எல்லாம் மீதியில் பிழைக்க வேண்டும். இன்னொன்று: கெட்ட இணைப்பில் கரண்ட் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும், அங்கே உண்டாகும் சூடு நாலு மடங்காகும். வோல்ட் வராத இடத்தில் பெரிய பல்பு போடுவது, தண்ணீர் வராத குழாய்க்குப் பெரிய வாளி வைப்பது போலத்தான். இங்கே வாளி குழாயையும் எரித்துவிடும்.

நான் செய்தது சாதாரண வேலை. பேட்டரியிலிருந்து உடம்புக்குப் போகும் ஒயர், எஞ்சின் பட்டை, இரண்டு மட்கார்டு ஸ்குரூ, பின்னால் இரண்டு எர்த், எல்லாவற்றையும் கழற்றி, களிம்பையும் துருவையும் தேய்த்து, உலோகம் பளபளக்க வைத்து முறுக்கினேன். ஹெட்லைட்டுக்கு ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃப்யூஸ். பழைய சுவிட்சும் டிப்பரும் இப்போது ரிலேயை மட்டும் எழுப்பினால் போதும், பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். திரும்ப அளந்தேன். பல்பில் 12 வோல்ட். அதே பல்பு, ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம்.

எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது விளக்கு கொஞ்சம் மங்குகிறது. அது கோளாறு இல்லை. டைனமோ அந்த வேகத்தில் சார்ஜ் செய்யாது, அதன் சுபாவம் அது. இதற்கும் கட்-அவுட் பெட்டியை மாற்றச் சொல்பவர்கள் உண்டு.

*

இதைப் படித்துவிட்டு, 'பேப்பர் படிப்பு வேஸ்ட், அனுபவம்தான் எல்லாம்' என்ற முடிவுக்கு யாராவது வந்தால் எனக்கு உடன்பாடில்லை. திருத்தணி எலக்ட்ரீஷியன்மேல் எனக்கு எவ்வளவு மரியாதையோ, அவர் தொழில்மேல் அவ்வளவு குறையும் உண்டு. எங்கள் வண்டியின் ஒயர் கட்டைப் பிரித்தபோது, முன்பு எத்தனையோ கைகள் வேலை செய்த தடம் தெரிந்தது. நீலம் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள். பச்சையில் பாதி வழியில் சிவப்பு முறுக்கி, மேலே கறுப்பு டேப். கையில் இருந்த நிறத்தைப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு விளக்கு எரிந்தது, வண்டி கிளம்பியது, சரி. ஆனால் செய்தவர் தலைக்குள் இருந்த படம் அவரோடு போய்விட்டது. அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படம் எர்த்தை வரையாமல் விட்டது ஒரு பிழை என்றால், கை செய்ததை எழுதாமல் விடுவது இன்னொரு பிழை. இரண்டுமே, அடுத்து வருபவருக்குத் தானாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்கின்றன.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. நான் போன கடையில் அவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். "பையன் மொபைல் கடை வச்சுக்கிறான் சார்" என்று சிரித்தார். அதனால் ஒரு வேலை செய்தேன். ஒயரிங் படத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு எர்த் குறியிலிருந்தும் பென்சிலால் கோட்டை நீட்டி, எந்த ஸ்குரூ, எந்த மட்கார்டு, எந்தப் பக்கம் என்று எழுதி, பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் கொண்டுவந்து வட்டத்தை மூடினேன். மாற்றிய நிறங்களையும் குறித்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். முதலில் உங்கள் வண்டி நெகட்டிவ் எர்த்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. ஒரு பிரதி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பின்பக்க வலது எர்த்தைக் காட்டி, "இது இங்க இல்ல சார், டிக்கி உள்ள இன்னொன்னு இருக்கும் பாருங்க" என்றார். இருந்தது.

போன கிருத்திகைக்குச் சாயங்காலப் பூஜை முடிந்து இறங்கும்போது சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாவது வளைவில், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப இந்தக் கண்ணாடியைத் தேவையில்லாமத்தான் மாத்தினேனா?"

"இல்லப்பா, படிக்கிறதுக்கு ஆகும்" என்றேன்.